தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு அம்மா எப்போ பாசிக்குப் போகலாம்?

பாம்பன் பக்கத்துல ஒரு கடற்கரை ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அவங்க அம்மாவுக்கு 47 வயசு, சின்ன வயசுல இருந்தே கடல்ல முங்கி பாசி எடுக்குறவங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் கட்டி பெருசாகி மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில முழு தைராய்டையும் எடுத்துட்டாங்க, இன்னைக்கு 18 நாள் ஆச்சு. பயாப்ஸி ரிசல்ட்ல கேன்சர் இல்ல, சாதாரண கட்டிதான்னு வந்துருச்சு. ஆனா வீட்டுல நிம்மதி இல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே ஆபரேஷன்ல தோலை மூட ஸ்டேப்ளர் பின் அடிச்சிருந்தாங்களாம், அம்மாவுக்கு தையலும் இல்லாம பின்னும் இல்லாம வெறும் பசையை வச்சு ஒட்டி அனுப்பிட்டாங்களே, பிரிஞ்சிடாதான்னு முதல் கேள்வி. வெட்டுக்கு மேல தடிப்பா கெட்டியா இருக்கு, கட்டி திரும்ப வந்துருச்சா? சொந்தக்காரங்க மீன், கருவாடு, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டு ரசம் சோறும் ரொட்டியும்தான் குடுக்குறாங்க, சரியா? குரல் சாயந்தரம் ஆனா களைச்சுப் போயிடுது, வள்ளத்துல இருந்து கூப்பிட்டா கரைக்குக் கேக்காதுன்னு அம்மா கவலைப்படுறாங்க. வர்ற அமாவாசைக்கு பாசிக்குப் போயே ஆகணும்னு நிக்கிறாங்க, விடலாமா? கடைசியா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி: "கால்சியம் மாத்திரை தீந்து நாலு நாள் ஆச்சு, சாயந்தரம் உதடு மரத்துப் போற மாதிரியும் விரல் நுனியில ஊசி குத்துற மாதிரியும் இருக்குங்குறாங்க, பலவீனமா இருக்கும்னு விட்டுட்டோம்."

தங்கச்சி, நான் ராமநாதபுரத்துல சர்ஜனா இருக்கேன். உங்க லெட்டர்ல நீங்க கடைசியா எழுதின அந்த ஒத்த வரியைத்தான் நான் முதல்ல எடுத்துக்குறேன். பசை பிரியுமான்னு நீங்க ராத்திரி தூங்காம யோசிக்கிறீங்க, பசை ஒண்ணும் ஆகாது. உதடு மரத்துப்போறது பலவீனம் இல்லம்மா, ரத்தத்துல கால்சியம் இறங்குது. இதைப் படிச்ச உடனே அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த அதே மாத்திரையை அதே அளவுல வாங்கி சாப்பாட்டோட குடுங்க, ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்க, இன்னைக்கே இல்லாட்டி நாளைக்குள்ள ரத்தம் குடுத்து கால்சியம் பாத்துடுங்க. இந்த டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணும்னு இல்ல, எந்த நேரமும் குடுக்கலாம், ராமேஸ்வரத்துலயோ ராமநாதபுரத்துலயோ எங்கேயும் பாப்பாங்க, இதுக்காக மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம். ஆனா ஒண்ணு, கை விரல் தானா கூம்பி விறைச்சுக்கிட்டா, கெண்டைக்கால் தசை விடாம இழுத்துப் பிடிச்சா, மூச்சு விடுறப்ப தொண்டையில சத்தம் வந்தா, வலிப்பு மாதிரி வந்தா மாத்திரை குடுத்துப் பாக்குற வேலையே வேண்டாம், 108க்கு போன் போட்டு நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, நரம்பு வழியா கால்சியம் ஏத்தணும், ஏத்தினா சீக்கிரமே தெளிஞ்சிடும்.

இது ஏன் வருதுன்னு சொல்லிடுறேன், தெரிஞ்சா பயம் குறையும். தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு அரிசி பருமன்ல நாலு குட்டி சுரப்பி இருக்கு, பாராதைராய்டுன்னு பேரு, ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்குறது அதுங்க வேலைதான். தைராய்டை எடுக்கும்போது எவ்வளவு பாத்துப் பாத்து பிரிச்சு விட்டாலும் அதுங்களுக்குப் போற ரத்தக்குழாய் தலைமுடி மாதிரி மெல்லிசு, கொஞ்சம் அசைஞ்சாலே சுரப்பி மயங்கிப் போய் சில வாரம் வேலை செய்யாம கிடக்கும். முழு தைராய்டு எடுத்தவங்கள்ல நிறைய பேருக்கு இது தற்காலிகமா வர்றதுதான். சுரப்பி முழிக்கிற வரைக்கும் நாம வெளியில இருந்து கால்சியம் குடுத்து ஓட்டுறோம், அவ்வளவுதான். பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலயோ சில மாசத்துலயோ சரியாயிடும், ரொம்ப சிலருக்குத்தான் வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படும். அதனாலதான் கால்சியத்தை திடீர்னு நிறுத்தக்கூடாது, ரத்தம் பாத்து டாக்டர் படிப்படியா குறைப்பாங்க. அட்டை தீந்துச்சுன்னா கோர்ஸ் முடிஞ்சுச்சுன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

இன்னொன்னு, தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில ஒண்ணா சேத்து குடுத்துக்கிட்டு இருந்தோம்னும் எழுதியிருக்கீங்க. அது வேண்டாம். கால்சியம் வயித்துல தைராய்டு மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல ஏற விடாது. காலையில எந்திரிச்ச உடனே வெறும் வயித்துல தண்ணியோட தைராய்டு மாத்திரை, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சு டீ, பலகாரம். கால்சியம் அதுக்கு நாலு மணி நேரமாவது தள்ளி, மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோட. கால்சியம் கார்பனேட்டுனு அட்டையில போட்டிருந்தா அது சாப்பாட்டோட போனாத்தான் நல்லா ஏறும். அம்மா மாதிரி பொழுது விடியும் முன்ன டீயைக் குடிச்சிட்டு கிளம்புறவங்களுக்கு காலை மாத்திரை பெரிய சிக்கல்னு எனக்குத் தெரியும், நிறைய பேரு அதாலேயே விட்டுடுறாங்க. பின்னாடி கால்சியம் நின்ன பிறகு, ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு படுக்கப் போறப்ப போட்டுக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, அதுவும் நல்லா வேலை செய்யும். ஆனா தைராய்டு மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, அதுல பேச்சே இல்ல.

சரி, இப்ப பசைக்கு வர்றேன்.

கழுத்தை எப்படி மூடுறோம்னு சொன்னா நீங்களே புரிஞ்சுக்குவீங்க. மார்பெலும்புக்கு மேல இருக்குற குழியில இருந்து ரெண்டு விரக்கடை மேல, கழுத்துல இயற்கையா இருக்குற கோட்டுலயே படுக்கைவசமா வெட்டுறது. இதுக்கு கோக்கர் வெட்டுன்னு பேரு, சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல இருந்த தியோடர் கோக்கர், தைராய்டுல பண்ண வேலைக்காகவே 1909ல நோபல் பரிசு வாங்கின சர்ஜன். (முழு தைராய்டையும் எடுத்த ஆளுங்க பின்னாடி ஊதிப்போய் மந்தமாகிடுறாங்கன்னு 1883லேயே எழுதி வச்சவரும் அவர்தான், அம்மா காலையில போடுற அந்த சின்ன மாத்திரையோட கதை அங்க இருந்துதான் வருது.) தோலுக்கு அடியில கொழுப்பு, அதுக்கு அடியில மெல்லிசா அகலமா ஒரு தசை, பிளாட்டிஸ்மா, பல்லைக் கடிச்சு வாயோரத்தை கீழ இழுத்தா கழுத்துல வரி வரியா தெரியுமே அது. அதுக்கும் அடியில நடுவுல ரெண்டு பக்கமும் பட்டைத் தசை, அதை ஒதுக்கினாத்தான் தைராய்டு தெரியும்.

மூடும்போது அடியில இருந்து ஆரம்பிப்போம். ஆபரேஷனுக்காக தோளுக்கு அடியில திண்டு வச்சு கழுத்தை பின்னாடி சாய்ச்சு வச்சிருப்பாங்கல்ல, முதல்ல அந்தத் திண்டை எடுத்துட்டு தலையை சாதாரண நிலைக்கு கொண்டுவந்து வெட்டோட ரெண்டு ஓரமும் இழுவை இல்லாம தானா வந்து சேருதான்னு பாப்போம். மயக்க டாக்டர் நெஞ்சுக்குள்ள காத்தை அழுத்திப் பிடிப்பார், ரத்தக்குழாயில அழுத்தம் ஏறும், எங்கேயாவது கசியுறது இருந்தா அப்ப தெரிஞ்சிடும். அது காஞ்சு சுத்தமா இருந்தா பட்டைத் தசையை நடுவுல சேத்து தைப்போம், கீழ் முனையில கொஞ்சம் இடைவெளி வேணும்னே விட்டுடுவோம், ஏன்னு பின்னாடி சொல்றேன். அப்புறம் பிளாட்டிஸ்மாவை ஓரத்துக்கு ஓரம் சேத்து தைக்கணும். இந்த ரெண்டு அடுக்குக்கும் கரையுற நூல், பெரும்பாலும் விக்ரில், மூணு வாரம் வரைக்கும் பாதி பலம் நிக்கும், ரெண்டு ரெண்டரை மாசத்துல தானா கரைஞ்சு போயிடும். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் தோல்.

ஆக அம்மா கழுத்துல தையல் இருக்கு தங்கச்சி, உள்ள இருக்கு, உங்க கண்ணுக்குத்தான் தெரியல. வள்ளத்துல பலகையை பலகையோட பூட்டுறதுதான் பலம், மேல அடிக்கிற பெயின்ட் இல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிச்ச பின்னும் அம்மாவுக்குப் போட்ட பசையும் அந்த மேல் வேலை மட்டும்தான். பின் அடிச்சா சீக்கிரம் முடியும், ஆனா ரெண்டு நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள வந்து எடுத்தாகணும், லேட்டானா தோல்ல புள்ளி புள்ளியா தழும்பு விழும். தோலுக்குள்ளேயே ஓடவிடுற கரையுற நூல் போட்டா எடுக்க வேண்டாம், வெளிய ஒண்ணும் தெரியாது. புரோலீன்னு நீலக்கலர் நூலை உள்ள ஓடவிட்டு ரெண்டு முனையை வெளிய வச்சாங்கன்னா அதை உருவணும். பசை அஞ்சாறு நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள தானா உரிஞ்சு விழும். தைராய்டு விஷயத்துல ஆறு மாசம் கழிச்சு பாத்தா இதுல எது போட்டதுன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம், ஏன்னா கழுத்துக்கு ரத்த ஓட்டம் அவ்வளவு நல்லா இருக்கு, அடியில பிளாட்டிஸ்மாவை ஒழுங்கா சேத்துட்டா மேல இழுவையே இருக்காது. தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு பசையோ உள்நூலோதான் நல்லதுன்னு என் அபிப்பிராயம், பின் எடுக்க மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு மதுரை வரைக்கும் போய் வரணும்னா எத்தனை பேரால முடியும்.

கீழ இடைவெளி விடுறது ஏன்னு சொல்றேன்னேன்ல. ஆபரேஷன் முடிஞ்ச முதல் ஒரு நாளுக்குள்ள, அதுலயும் முதல் ஆறு மணி நேரத்துல, நூறுல ஒருத்தருக்கு உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டும். வயித்துலயோ தொடையிலயோ கட்டினா நேரம் இருக்கு, கழுத்துல இடம் கிடையாது, கட்டின ரத்தம் மூச்சுக்குழாய்ப் பக்கம் வீங்க வச்சு மூச்சை அடைச்சிடும். அந்த இடைவெளி இருந்தா ரத்தம் தோலுக்கு அடியில வந்து வீக்கமா வெளிய தெரியும், நமக்கு முன்கூட்டி தெரிஞ்சிடும். அப்படி வந்தா தியேட்டருக்கு தள்ளிட்டுப் போற வரைக்கும் காத்திருக்காம கட்டில்லயே தோலைப் பிரிச்சு தசைத் தையலை வெட்டி ரத்தத்தை வெளிய எடுக்கணும், அதுக்கான சாமான் முதல் நாள் பூரா கட்டில் பக்கத்துலயே இருக்கும். அம்மா இந்தக் கட்டத்தைத் தாண்டிட்டாங்க, அவங்களுக்கு இந்தப் பயம் இப்ப இல்ல. ஆனா இதைப் படிக்கிற வேற யாராவது அடுத்த வாரம் ஆபரேஷனுக்குப் போறவங்களா இருந்தா, முதல் ராத்திரி துணைக்கு இருக்குறவங்க தூங்கிடாதீங்க, கழுத்து டைட்டா இருக்கு, படுக்க முடியல, குரல் மாறுது, மூச்சு முட்டுதுன்னு சொன்னா உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க. சிஸ்டரோ டாக்டரோ வந்து அங்கேயே தையலைப் பிரிச்சாங்கன்னா பதறாதீங்க, உயிரைக் காப்பாத்துறாங்க. "நல்லாத்தானே இருக்கேன், அன்னைக்கு சாயந்தரமே ஊருக்குப் போறேன்"னு பாலத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றவங்க சொல்லும்போது நான் விடாம ராத்திரி தங்க வைக்கிறது இதுக்குத்தான்.

வெட்டுக்கு மேல தடிப்புன்னீங்க. தைராய்டையே எடுத்தாச்சு, 18 நாள்ல கட்டி திரும்ப வர வழி இல்ல. மேல் பக்கத்துத் தோலை குரல்வளை மேடு வரைக்கும் தூக்கிப் பிரிச்சுத்தான் உள்ள போறோம், அந்தத் தோல்ல நீர் இறங்க முடியாம தேங்கி உப்பி நிக்கும், அடியில ஆறுற தசையும் கெட்டியாகும். மூணாவது வாரத்துல இருந்து ஆறாவது எட்டாவது வாரம் வரைக்கும் இது இன்னும் கெட்டியா, சிவப்பா, பாக்க மோசமாத்தான் ஆகும், அதுக்கப்புறம் இறங்கும். முழுங்கும்போது தோல் உள்ள இழுக்குறதும் இதே கணக்குதான். தொட்டா தண்ணிப்பை மாதிரி தளதளன்னு இருந்தா உள்ள நீர் கட்டியிருக்கும், சின்னதா இருந்தா தானா வத்தும், பெருசா இருந்தா ஊசியால எடுத்துடுவாங்க. ஒன்றரை ரெண்டு மாசத்துல தழும்பு ஓரத்துல பரு மாதிரி ஒண்ணு வந்து நூல் முனை எட்டிப் பாத்தாலும் பயப்படாதீங்க, கரையாத முடிச்சை உடம்பு வெளிய தள்ளுது, பிடுங்காம காட்டுங்க, எடுத்துவிட்டா ஆறிடும். செவப்பு நாளுக்கு நாள் பரவுது, சூடா இருக்கு, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா மட்டும் அன்னைக்கே காட்டணும்.

கழுத்தை அசைச்சா பிரிஞ்சிடும்னு அம்மா மரக்கட்டை மாதிரி திரும்புறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. மெதுவா இடது வலது திரும்பட்டும், காதை தோள் பக்கம் சாய்க்கட்டும், தோளைச் சுத்தட்டும், ஒரு நாளைக்கு மூணு தடவை. இல்லாட்டி பிடரியும் தோளும் பிடிச்சுக்கிட்டு தலைவலி வரும், பாதி பேரு அதையும் தைராய்டு கணக்குல எழுதிடுறாங்க. குளிக்கலாம், தலைக்கு ஊத்தலாம், கழுத்தைத் தேய்க்காம துண்டால ஒத்தி எடுத்தா போதும். மஞ்சள் பூசுறது, சுண்ணாம்பு தடவுறது எதுவும் வேண்டாம். பசை முழுசா உரியுற வரைக்கும் தேங்காய் எண்ணெயோ எந்தக் களிம்போ தடவாதீங்க, எண்ணெய் பட்டா பசை முன்னாடியே இளகிடும், அது ஒண்ணுதான் பசையோட பலவீனம். பசை போய், பொறுக்கு எதுவும் இல்லாம தோல் மூடினதும், ஒரு மாசம் வாக்குல, ரெண்டு விரலால தழும்பு மேல அழுத்தி வட்டமா அஞ்சு நிமிஷம் தேய்ச்சு விடுங்க, காலையும் சாயந்தரமும். வெறும் வாசலின் போதும். சிலிக்கான் ஜெல் வாங்க முடிஞ்சா ரெண்டு மூணு மாசம் போடலாம், அதுக்குத்தான் கொஞ்சம் ஆதாரம் இருக்கு, கடையில தழும்பு மறையும்னு விக்கிற மத்த க்ரீமுக்கெல்லாம் காசைக் கொட்டாதீங்க, அந்தக் காசுக்கு மீன் வாங்குங்க.

மீன்னு சொன்ன உடனே உங்க வீட்டுல யாராவது எந்திரிச்சு நிப்பாங்க. மீன் சாப்பிட்டா புண்ணு சீழ் பிடிக்கும்னு நம்ம கடற்கரை முழுக்க ஒரு நம்பிக்கை, மீன் பிடிக்கிற வீட்டுலேயே ஆபரேஷன் பண்ண ஆளுக்கு மீன் கிடையாது, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. புண் ஆறுறதுக்கு உடம்பு புதுசா நார் நெய்யணும், அதுக்கு புரோட்டீன் வேணும், ரசத்துலயும் ரொட்டியிலயும் அது எங்க இருக்கு? சாளை, காரல், நெத்திலி எது கிடைச்சாலும் குழம்பு வச்சுக் குடுங்க. அதுலயும் நெத்திலியை முள்ளோட சாப்பிடட்டும், அந்த முள்ளு கால்சியம்தான், அம்மாவுக்கு இப்ப அதுதானே வேணும். முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் சேருங்க. கருவாடு மட்டும், பி.பி. இருந்தா உப்புக்காக குறைச்சுக்கலாம், புண்ணுக்காக இல்ல.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு, அது அம்மாவுக்கு இல்ல. பயாப்ஸியில கேன்சர்னு வந்து ரேடியோ அயோடின்ங்குற கதிரியக்க மருந்து குடுக்கப் போறாங்கன்னா, அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வாரம் அயோடின் குறைஞ்ச சாப்பாடு சாப்பிடச் சொல்வாங்க. அப்ப கடல்மீன், இறால், நண்டு, கருவாடு, அயோடின் உப்பு எல்லாம் நிறுத்தணும், பால் முட்டையும் குறைக்கச் சொல்வாங்க. கீழக்கரை பக்கம் நோன்பு திறக்குறப்ப செய்யுற கடல்பாசி இனிப்பும் அந்தக் கணக்குல சேரும், பாசியில அயோடின் நிறைய. அதுவும் அந்த ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மட்டும்தான், அப்புறம் பழையபடி சாப்பிடலாம். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் ஊருக்குள்ள தைராய்டுக்கே மீன் ஆகாதுன்னு ஒரு பேச்சு ஓடுது.

குரலுக்கு வர்றேன். குரல்வளைக்குப் போற நரம்பு தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டியே ஏறுது, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. அது அசைஞ்சிருந்தா குரல் கரகரன்னு காத்தாடும். அதுக்கு மேல இன்னொரு சின்ன நரம்பு, அது குரலை உயர்த்துறதுக்கு, தூரத்துல இருக்குறவங்களைக் கூப்பிடுறதுக்கு. அம்மா பேச்சு சாதாரணமா இருக்கு, சத்தம் போட்டா மட்டும் ஏறல, சாயந்தரம் களைக்குதுங்குறதை வச்சுப் பாத்தா இந்த ரெண்டாவது நரம்பா இருக்கலாம், இல்லாட்டி மயக்க மருந்து குடுக்க தொண்டையில விட்ட டியூப் பண்ண உரசல், பட்டைத் தசை இன்னும் ஆறாதது, எதுவா வேணா இருக்கலாம். பெரும்பாலும் சில வாரத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடும். ஆனா யூகம் வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட மூக்கு வழியா கேமரா விட்டு குரல் நாண் ரெண்டும் அசையுதான்னு பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. தண்ணி குடிக்கும்போது புரை ஏறுதான்னு மட்டும் நீங்க வீட்டுலேயே கவனிங்க, ஏறினா சீக்கிரமே காட்டுங்க.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் உங்க அமாவாசைக் கேள்விதான். பாசிக்குப் போகலாமான்னா எல்லாரும் கழுத்துப் புண்ணைத்தான் பாக்குறாங்க. புண்ணை வச்சு மட்டும் சொன்னா கணக்கு சுலபம். மூணு வாரத்துல வெட்டு பட்ட இடத்துக்கு பழைய பலத்துல அஞ்சுல ஒரு பங்குதான் வந்திருக்கும், மூணு மாசத்துல அஞ்சுல நாலு பங்கு, அதுக்கு மேல எப்பவுமே ஏறாது, அது போதும். தோல் முழுசா மூடாம கடல்ல இறங்கக் கூடாது, நம்ம கடல் வெதுவெதுப்பான தண்ணி, அதுல இருக்குற சில கிருமி திறந்த புண்ணு வழியா போனா படுவேகமா பரவும், சுகர் இருக்குறவங்களுக்கும் கல்லீரல் கெட்டவங்களுக்கும் உயிருக்கே ஆபத்து. அதனால புண்ணுக்காக ஆறு வாரம் தண்ணியில இறங்காம இருக்கட்டும், ஈரப்பாசி மூட்டையைத் தலையில தூக்குறதும் அதுவரைக்கும் வேண்டாம்.

ஆனா கரையில நடக்குற வேலையும் முங்குற வேலையும் ஒண்ணு இல்லம்மா. அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு மூச்சை அடக்கி கீழ போய் பாறையில ஒட்டின பாசியைப் பிடுங்குறாங்க. கால்சியம் குறைஞ்ச உடம்பு, வேகமா மூச்சு இழுத்தா இன்னும் மோசமாகும், ரத்தத்துல வேலை செய்யுற கால்சியம் அந்த நேரத்துல இன்னும் இறங்கிடும். வீட்டுத் திண்ணையில கை கூம்பினா நாலு பேரு ஓடி வருவாங்க, ரெண்டு ஆள் ஆழத்துல கையும் காலும் இழுத்துப் பிடிச்சா யாருக்கும் தெரியாது. அதே மாதிரி மூச்சை இறுக்கி அடக்குறதுக்கு குரல் நாண் ரெண்டும் இறுக மூடணும், ஒண்ணு அசையலைன்னா மூச்சு சரியா நிக்காம போகலாம், தண்ணி உள்ள போகலாம், இருமல் வந்தா மேல வர்றதுக்குள்ள மூழ்கிடலாம். அதனால நான் வர்ற அமாவாசைக்கு விட மாட்டேன், அதுக்கு அடுத்ததுக்கும் நாளை மட்டும் பாத்து விட மாட்டேன். ஆறு வாரம் முடியணும், கால்சியம் மாத்திரையை டாக்டர் நிறுத்தின பிறகும் ரத்தத்துல அளவு சரியா நிக்கணும், உதட்டுல விரல்ல ஒரு துளி மரமரப்பும் இருக்கக்கூடாது, கேமராவுல ரெண்டு நாணும் அசையணும். இது எல்லாம் சரியா இருந்தா தாராளமா போகலாம், தைராய்டு இல்லாம மாத்திரையோட வாழ்நாள் முழுக்க கடல்ல வேலை பாக்கலாம், அதுல ஒரு குறையும் வராது. கால்சியம் வாழ்நாள் முழுக்க தேவைப்படுற சிலர்ல அம்மாவும் ஒருத்தரா இருந்துட்டா, முங்குற வேலையைப் பத்தி அப்ப தனியா பேசணும், அவசரப்பட்டு முடிவு எடுக்காதீங்க.

கூலி இல்லாம ஒன்றரை மாசம் எப்படி ஓட்டுறதுன்னு நீங்க கேக்கல, ஆனா கேள்வி அங்கதான் இருக்குன்னு தெரியுது. நாலு வாரம் ஆனதும், மாத்திரை ஒழுங்கா போயி மரமரப்பு நின்னிருந்தா, கரைக்கு வர்ற பாசியைக் காய வைக்கிறது, தூசி தட்டிப் பிரிக்கிறது செய்யலாம். வெயில்ல நிக்கிறப்ப கழுத்தைச் சுத்தி காஞ்ச பருத்தித் துண்டு போட்டுக்கட்டும், புதுத் தழும்பு மேல வெயில் பட்டா கறுத்து அப்படியே நின்னுடும், ஒரு வருஷம் வரைக்கும் இது கவனம். உப்புத்தண்ணியில நனைஞ்சு விறைச்ச துணி உரசக்கூடாது. தாலிக்கயிறோ ஜெபமாலையோ சரியா வெட்டு மேல உரசும், கொஞ்ச நாளைக்கு நீளமா கட்டிக்கிட்டா நல்லது. அப்புறம் கடலுக்குப் போறப்ப கழுத்து வரைக்கும் மூடுற சட்டை போட்டுக்கட்டும், சொறி (ஜெல்லிமீன்) பட்டா அந்தத் தழும்பு தாங்காது. உங்க குடும்பத்துல யாருக்காவது காது குத்தின இடத்துல, அம்மை தழும்புல கெலாய்டு மாதிரி புடைச்சு வளந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க, இருந்தா ரெண்டாவது மாசமே தழும்பைக் காட்டுங்க, ஆரம்பத்துலயே ஊசி போட்டா அமுங்கும், வளந்த பிறகு பாடு.

இப்ப போறப்ப டிஸ்சார்ஜ் பேப்பர், பயாப்ஸி ரிப்போர்ட், மாத்திரை அட்டை மூணையும் கையில எடுத்துக்கங்க. கால்சியத்தோட ஆல்புமினும் சேத்து பாக்கச் சொல்லுங்க, முடிஞ்சா பாஸ்பரஸும் வைட்டமின் டியும். தைராய்டு மாத்திரை அளவைப் பாக்குற டி.எஸ்.ஹெச். டெஸ்ட் இப்ப பாத்து பிரயோஜனம் இல்ல, ஆபரேஷன் நாள்ல இருந்து ஆறு எட்டு வாரத்துல பாத்தாத்தான் மாத்திரை அளவு சரியான்னு தெரியும். ரிசல்ட் வந்ததும் நம்பரை அப்படியே எனக்கு எழுதுங்க, கால்சியம் 8.5க்கு கீழ இருந்தா எனக்கு எழுதுறதுக்கு முன்னாடி அங்க இருக்குற டாக்டர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க.